கோவையின் அரைவட்டம்: நீலாம்பூர் முதல் மதுக்கரை வரை

கோயம்புத்தூரின் வரைபடத்தை விரித்தால், ஊருக்குக் கிழக்கே நீலாம்பூரில் அவிநாசி சாலையிலிருந்து பிரிந்து, தெற்கு நோக்கி இறங்கி, பிறகு மேற்கே வளைந்து மதுக்கரையில் பாலக்காட்டுச் சாலையோடு சேரும் ஒரு கோடு தெரியும். ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலைக்குக் கோயம்புத்தூர் புறவழிச்சாலை என்று பெயர். ஊருக்குள் அது ‘எல் அண்டு டி பைபாஸ்’. நான் சுந்தராபுரத்தில் குடியிருந்து அரசூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவன் என்பதால், என்னுடைய நாள் இந்தச் சாலையில் தொடங்கி இந்தச் சாலையிலேயே முடிகிறது. வெளியூர் லாரிகள் கோவைக்குள் நுழையாமல் கேரளத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் போடப்பட்ட சாலை, இன்று காலை எட்டு மணிக்கு என்னைப் போன்ற உள்ளூர்க்காரர்களால் நிரம்பி வழிகிறது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, வட்டமாக வந்திருக்க வேண்டிய சாலை ஏன் இன்னும் அரைவட்டமாகவே நிற்கிறது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கதையை மலையிலிருந்து தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை கொங்கு நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் இடையே மதில்போல நிற்கிறது. அதில் வண்டி போகும்படி இயற்கை விட்டுவைத்த பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் திறப்பின் கிழக்கு வாசலில் கோவை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மேலைக் கடற்கரையிலிருந்து காவிரிச் சமவெளிக்குப் போகும் எந்தப் பாதையும் இந்த ஊரின் மடியில் கால் வைக்காமல் போக முடியாது. புறவழிச்சாலை தொட்டுச் செல்லும் வெள்ளலூரில் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ரோமானியக் காசுக் குவியல்கள் கிடைத்தது தற்செயல் இல்லை. மேலைக் கடற்கரையின் பழைய துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்கு கணவாய் வழியாக ஏறி, நொய்யல் கரையோரமாகக் கொடுமணலுக்கும் கரூருக்கும் சென்ற வழி இதுவே. நொய்யலின் நீர், கணவாயின் காற்று, வணிகனின் பொதி மூன்றும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன.

சோழர் காலத்திலும் இந்த வழிக்கு அரசாங்க மதிப்பு இருந்தது. கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூருக்கு அருகில் மலையடிவாரப் பாறையொன்றில் ‘ராஜகேசரிப் பெருவழி’ என்று பொறிக்கப்பட்ட கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட அது, கொங்கு நாட்டைக் கைப்பற்றிய முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சேர நாட்டை நோக்கிப் போகும் பாதைக்குச் சோழ மன்னன் தன் பட்டப்பெயரைச் சூட்டியிருக்கிறான். இரண்டு எழுத்துகளில் பொறித்ததற்கும் காரணத்தை ஊகிக்கலாம்: கிழக்கிலிருந்து வருகிறவன் ஒன்றைப் படிப்பான், மேற்கிலிருந்து வருகிறவன் மற்றதைப் படிப்பான். இதேபோலத் தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில் தூரம் காதக் கணக்கில் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருப்பதோடு, எழுத்தறியாதவர்களும் தொட்டு எண்ணிக்கொள்ளும்படி குழிகளும் இடப்பட்டிருக்கின்றன. இன்றைய நம்முடைய வழிகாட்டிப் பலகைகள் சிலவற்றை வடிவமைப்பவர்கள் ஒருமுறை அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சாலைக்கு முன்பே ரயில் இந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. மதராஸ் ரயில்வே சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குப் போட்ட தடம் 1862இல் இந்தப் பகுதியை எட்டியபோது, இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் போயிற்று. கோவை நகரம் வடக்கே ஒதுங்கி நின்றது. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோதுதான் கோவைக்கு நிலையம் வந்தது. பின்னாளில் கோவை நகரத்தையும் இருகூரையும் இணைக்கும் பாதை வந்து, ரயில்கள் நகருக்குள் வளைந்து போகத் தொடங்கின. அதன் பிறகும் சில கேரள ரயில்கள் பழைய நேர்ப்பாதையிலேயே ஓடியதால், எல்லா ரயில்களும் கோவைச் சந்திப்பைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்தார்கள். ரயில் ஊருக்கு வெளியே தொடங்கி உள்ளே இழுக்கப்பட்டது. சாலை ஊருக்குள் தொடங்கி வெளியே தள்ளப்பட்டது. இன்றைய புறவழிச்சாலையும் அந்தப் பழைய இருகூர்–போத்தனூர்த் தடமும் ஏறக்குறைய ஒரே நிலப்பரப்பைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. கணவாயிலிருந்து கிழக்கே போக, கோவையைத் தொடாமல் செல்ல, தோதான நிலம் அங்கேதான் இருக்கிறது என்பதை இரண்டு நூற்றாண்டுப் பொறியாளர்களும் தனித்தனியாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

புறவழிச்சாலை வருவதற்கு முன் ஊரின் நிலை என்ன என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கோவைக்கு அவிநாசி சாலை, திருச்சி சாலை, சத்தி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, பாலக்காட்டுச் சாலை, பொள்ளாச்சி சாலை என்று எல்லாத் திசைகளிலிருந்தும் பெருஞ்சாலைகள் வந்து நடுவில் குவிகின்றன. சேலத்திலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற பழைய தேசிய நெடுஞ்சாலை 47, இந்தப் பகுதியில் அதன் இன்றைய எண் 544, அவிநாசி சாலை வழியாக உள்ளே வந்து, உப்பிலிபாளையம் தாண்டி, உக்கடத்தில் பெரியகுளத்தின் ஓரமாக இறங்கி, ஆத்துப்பாலத்தில் நொய்யலைக் கடந்து, குனியமுத்தூர் வழியாகப் பாலக்காட்டை நோக்கி வெளியேறியது. ஆத்துப்பாலத்துக்கு அப்புறம்தான் பாலக்காட்டுச் சாலையும் பொள்ளாச்சி சாலையும் பிரிகின்றன. அதாவது கொச்சிக்குப் போகும் சேலத்து லாரி, பொள்ளாச்சிக்குப் போகும் டவுன் பஸ், உக்கடம் சந்தைக்கு வரும் காய்கறி வண்டி, குறிச்சித் தொழிற்பேட்டைக்குப் போகும் வேலையாட்கள், எல்லாரும் ஒரே பாலத்தில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. நாமக்கல் முட்டையும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்த வண்டிகளில் பெரும்பகுதி இரவில் கோவையைக் கடந்ததால்தான் ஊர் பகலில் ஓரளவு மூச்சு விட்டது.

1990களின் நடுவில் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, தனியார் முதலீட்டில் சாலை போட்டு, குறிப்பிட்ட காலம் கட்டணம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் முறைக்கு வழி திறந்தது. கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் அந்த முறையில் நாட்டில் முதலில் வந்த சில திட்டங்களில் கோவைப் புறவழிச்சாலையும் ஒன்று. ஆத்துப்பாலத்தில் நொய்யலின் குறுக்கே கூடுதலாக ஒரு பாலமும், நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை புறவழிச்சாலையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தன. 1990களின் இறுதியில் பாலமும், அதை அடுத்துச் சாலையும் பயன்பாட்டுக்கு வந்தன. நான்கு வழிச்சாலை என்ற சொல்லே கொங்கு நாட்டில் புழக்கத்துக்கு வராத காலம் அது. தங்க நாற்கரத் திட்டம் அப்போதுதான் பேச்சில் அடிபடத் தொடங்கியிருந்தது. ஆகையால் இரண்டு வழியாக, நடுவில் தடுப்பு இல்லாமல், இருபுறமும் கொஞ்சம் மண் விளிம்பு விட்டுப் போட்ட அந்தச் சாலை அன்றைக்கு ஒரு ஆடம்பரமாகவே தெரிந்தது. உக்கடத்தில் மணிக்கணக்கில் சிக்கிக் கிடந்த ஓட்டுநர்கள் சுங்கக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுத்ததற்கு அதுவே காரணம். ஆத்துப்பாலத்தில் மட்டும் முணுமுணுப்பு இருந்தது, அதுவும் நியாயமானது. ஊருக்கு நடுவில், தினமும் போகும் வழியில், ஒரு பாலத்தைத் தாண்டக் காசு கொடுப்பது எங்கள் ஊர்க்காரர்களின் மனத்தில் கடைசிவரை ஒட்டவில்லை.

இனிச் சாலையின் போக்கைச் சொல்கிறேன். நீலாம்பூரில் அவிநாசி சாலை மேம்பாலத்தின் அடியில் தெற்கே திரும்பினால், முதல் சில கிலோமீட்டர் குடோன்களும் எடை மேடைகளும் லாரிக் கம்பெனிகளின் செட்டுகளுமாக இருக்கும். இருகூர்ப் பக்கம் ரயில் பாதை குறுக்கிடுகிறது. பிறகு சிந்தாமணிப்புதூரில் திருச்சி சாலை. அங்கிருந்து இடப்பக்கம் போனால் சூலூரும் பல்லடமும். வலப்பக்கம் போனால் ஒண்டிப்புதூரும் சிங்காநல்லூரும். அதைத் தாண்டியதும் பட்டணம், வெள்ளலூர். நொய்யலை எப்போது கடந்தோம் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரைப் பச்சையையும் கோடையில் சாக்கடை நாற்றத்தையும் வைத்து நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம். வெள்ளலூர் வட்டாரத்தில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் இருப்பதால், காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துக் கார்க் கண்ணாடிகள் ஏறும். 2020இல் இங்கே ஒருங்கிணைந்த பேருந்து நிலையத்துக்குப் பணி தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது. வெளியூர்ப் பேருந்துகள் அனைத்தும் புறவழிச்சாலையை ஒட்டி நின்றால் ஊருக்குள் நெரிசல் குறையும் என்ற கணக்கில் போட்ட திட்டம் அது. அந்தக் கணக்கு சரியா, தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூட வாய்ப்பில்லாமல் தூண்கள் நிற்கின்றன. வெள்ளலூரை அடுத்துச் செட்டிபாளையம் சாலை குறுக்கே வருகிறது. அதன்பின் ஈச்சனாரிப் பக்கம் பொள்ளாச்சி சாலை. அங்கிருந்து மேற்கே திரும்பும் கடைசிப் பகுதி மதுக்கரையில் முடிகிறது.

இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. தருமலிங்கேசுவரர் மலை எதிரே தெரியத் தொடங்கும், அதற்குப் பின்னால் வாளையாறு மலைகள் நீலமாக நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும்போது இருசக்கர வண்டியில் போகிறவர்கள் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். தார்ப்பாய் கட்டிய லாரி ஒன்று எதிரே வந்து கடக்கிற நொடியில் காற்று சட்டென்று நின்று, அது போனதும் மீண்டும் தள்ளும். அந்த நொடியில் கைப்பிடி தடுமாறாமல் இருக்கப் பழகிக்கொள்வது எங்கள் பக்கத்து ஓட்டுநர் பயிற்சியில் சேராத ஒரு பாடம்.

இந்தச் சாலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் மாலை ஆறு மணிக்குச் சிந்தாமணிப்புதூர்ச் சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். திருச்சி சாலையில் சூலூரிலிருந்து மில் வேன்கள் வேலை முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். வண்டிக்குள் மல்லிகைப்பூவும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசம் இருக்கும். நீலாம்பூர்ப் பக்கமிருந்து கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். அவற்றுக்கு நடுவில், கேரளப் பதிவெண் கொண்ட பன்னிரண்டு சக்கர லாரி இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்கும். கிராமத்துப் பெரியவர் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் முன்னால் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு, சிக்னலைப் பாராமல், ஆனால் மிக நிதானமாகக் குறுக்கே போவார். ஒருநாள் சேலம் பதிவெண் லாரி ஓட்டுநர் ஒருவர் டீக்கடைக்காரரிடம், “பாலக்காடு போறதுக்கு இப்படியே நேராப் போலாமுங்களா?” என்று கேட்டார். “நேராப் போங்க, மதுக்கரை வரைக்கும் ஒரே ரோடுதானுங்க. இருட்டுனதுக்கு அப்புறம் ஓவர்டேக் மட்டும் எடுக்காதீங்க” என்று பதில் வந்தது. இந்தச் சாலையைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் பொறியியல் அறிக்கையும் இதைவிடச் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லியிருக்க முடியாது.

ஏனென்றால் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வழியில் இருக்கிறது. புறவழிச்சாலை போட்ட பிறகு அதன் இரு முனைகளும் மாறிவிட்டன. செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை நெடுஞ்சாலை ஆறு வழியானது. மறுமுனையில் மதுக்கரையிலிருந்து வாளையாறு வரை நான்கு வழியானது. நடுவில் உள்ள 28 கிலோமீட்டர் மட்டும் தனி ஒப்பந்தத்தின் கீழ் இருந்ததால் பழையபடியே இரண்டு வழியாக நின்றது. ஆறு வழியில் மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த கால், இரண்டு வழிக்கு வந்ததும் உடனே தளர்ந்துவிடுவதில்லை. முன்னால் மெதுவாகப் போகும் சரக்கு லாரியைத் தாண்ட எதிர்ப்பக்கத் தடத்துக்குள் ஏறினால்தான் வழி. எதிரே வருகிறவனும் அதே அவசரத்தில் வருகிறான். அதோடு பட்டணம், வெள்ளலூர், செட்டிபாளையம் என்று பக்கத்து ஊர்ச் சாலைகள் எல்லாம் நேரடியாக வந்து இதில் இறங்குகின்றன. பக்கச் சாலை கிடையாது. ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போகிறவரும் கன்டெய்னர் லாரியும் ஒரே விளிம்பைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இங்கே நடந்த விபத்துகளைப் பற்றி உள்ளூர் நாளிதழ்களின் இரண்டாம் பக்கத்தில் படித்துப் படித்துப் பழகிவிட்டோம் என்பதே வருத்தமான செய்தி.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சாலையின் குணம் இன்னொரு விதத்தில் மாறியது. அதற்கு முன் வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்பது நாடறிந்த சங்கதி. வேகமாக வந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் வாளையாறில் நிற்கத்தானே போகிறோம் என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் இருந்தது. சாவடி போனதும் அந்த நிதானமும் போயிற்று.

ஆனால் லாரிகளின்மேல் மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. புறவழிச்சாலை போடப்பட்டபோது அதன் இருபுறமும் சோளக்காடும் தென்னந்தோப்பும் மானாவாரி நிலமும் இருந்தன. சாலை வந்ததும் முதலில் டீக்கடையும் பஞ்சர் கடையும் வந்தன, அப்புறம் குடோன்கள், பிறகு ‘பைபாஸுக்கு மிக அருகில்’ என்று நோட்டீசு அடித்துச் சைட் போட்டு விற்றார்கள், அதன்பின் பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாண மண்டபம். ஒரு கட்டத்தில் மாநகராட்சி எல்லையும் கிழக்கே நகர்ந்து வந்து சாலையைத் தொட்டது. சாலை ஊரைச் சுற்றிப் போனது. ஊர் எழுந்து வந்து சாலையின்மேல் உட்கார்ந்துகொண்டது. சுந்தராபுரத்திலிருந்து அரசூருக்கு உக்கடம் வழியாகப் போவதைவிடப் புறவழியில் போவது எனக்குச் சுலபம். போத்தனூரில் வீடு, சூலூரில் வேலை என்பவருக்கும், ஒண்டிப்புதூரில் வீடு, மலுமிச்சம்பட்டியில் வேலை என்பவருக்கும் அப்படித்தான். ஆரங்களின் முனையில் வாழ்கிறவர்கள் அடுத்த ஆரத்தின் முனைக்குப் போக மையத்துக்கு வந்து திரும்ப வேண்டியதில்லை என்பதே வட்டச்சாலையின் இலக்கணம். வட்டச்சாலை என்று யாரும் திட்டமிடாமலே இது அந்த வேலையைச் செய்கிறது.

உலகில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லை என்றில்லை. லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டர் நீளத்தில் ஓடும் எம் 25 என்ற வட்டச்சாலை 1986 அக்டோபரில் முழுமையானது. ஊரைத் தவிர்த்துச் செல்லும் தொலைதூர வண்டிகளுக்கென்று நினைத்ததில் புறநகர்க்காரர்கள் அன்றாட வேலைக்குப் போகத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே அகலப்படுத்த வேண்டியதாயிற்று. அங்கே தொடக்கத்திலேயே ஆறு வழியாகப் போட்டும் அந்த நிலை. நாம் இரண்டு வழியில் கால் நூற்றாண்டு ஓட்டியிருக்கிறோம்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சாலையில் முன்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சுங்கச்சாவடிகள் இருந்தன; எந்தச் சந்திப்பில் ஏறி எதில் இறங்கினாலும் ஒரு சாவடியாவது வழியில் வரும். தொலைதூர லாரிக்கு அது பெரிய தொகை ஆகாது. நான்கு கிலோமீட்டர் மட்டும் போக வேண்டிய உள்ளூர்க்காரருக்கோ அது தினச் செலவு. அதனால் அவர் வெள்ளலூர் வழியாகவும் பட்டணம் வழியாகவும் ஊர்ச் சந்துகளுக்குள் புகுந்து போனார். கிராமத்துச் சாலைகள் தேய்ந்ததற்கு அந்தக் குறுக்கு வழிகள் ஒரு காரணம் என்பதை அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒப்பந்த காலம் முடிவதற்கு முன்பே அரசு சாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 2025 ஆகஸ்டு முதல் மதுக்கரையில் மட்டும் வசூல், மற்ற சாவடிகளில் இல்லை என்று ஆக்கியது. அகலப்படுத்துவதற்கு இருந்த சட்டச் சிக்கலும் அதோடு விலகியது. ஆறு வழியாக்கும் பேச்சு நடக்கிறது. என் கருத்து வேறு: எத்தனை வழி என்பதைவிட இருபுறமும் பக்கச் சாலையும், திருச்சி சாலை, செட்டிபாளையம் சாலைச் சந்திப்புகளில் மேம்பாலமும் முதலில் வர வேண்டும். பக்கச் சாலை இல்லாத ஆறு வழி, புல்லுக்கட்டு வைத்த பெரியவருக்கு இன்னும் அகலமான ஒரு ஆபத்து.

இனி மேற்கு. மதுக்கரையை ஒட்டி மைல்கல் என்னும் இடத்தில் பாலக்காட்டுச் சாலையில் தொடங்கி, நரசிம்மநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையைச் சேரும்படி 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள மேற்குப் புறவழிச்சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை மூன்று கட்டமாகப் போட்டுவருகிறது. மைல்கல்லிலிருந்து மாதம்பட்டி வரை முதல் கட்டம், 11.8 கிலோமீட்டர், மாதம்பட்டியிலிருந்து கணுவாய் வரை இரண்டாவது, கணுவாயிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை மூன்றாவது. பேச்சு தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின், 2023இல்தான் முதல் கட்டப் பணி தொடங்கியது. இடையில் 2019இல் மாநில நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் சட்டமே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டமன்றம் அதற்குப் புதிதாக உயிர் கொடுத்து, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்ட கதையும் உண்டு.

சுண்டக்காமுத்தூர், பேரூர் செட்டிபாளையம், தீத்திபாளையம் என்று முதல் கட்டம் போகும் ஊர்களைப் பார்த்தால் ராஜகேசரிப் பெருவழி நினைவுக்கு வராமல் போகாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பின் அதே மலையடிவாரத்தில் இன்னொரு பெருவழி. ஆனால் இந்தப் பக்கம் கிழக்கைப் போல வறண்ட மேட்டு நிலம் கிடையாது. வெள்ளியங்கிரியிலிருந்து இறங்கும் நொய்யலின் மேல்மடை இது. பாக்கும் தென்னையும் வாழையும் மஞ்சளும் விளையும் தோட்டங்கள். மூன்றாவது கட்டம் தடாகம் பள்ளத்தாக்கின் வாயைத் தொடுகிறது. செம்மண் தோண்டித் தோண்டி ஓடைகளையே திசை மாற்றிய செங்கல் சூளைகள் அங்கே 2021இல்தான் மூடப்பட்டன. யானைகள் அந்தக் குழிகளைச் சுற்றி இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கின்றன. மதுக்கரைக் காட்டிலோ, ரயில் தண்டவாளத்தில் யானை ஏறுவதை முன்கூட்டியே கண்டறிய 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. கிழக்கில் சைட் போட்டது போல மேற்கிலும் சாலையின் இருபுறமும் சைட் போட்டால் யானைக்கு மிச்சமிருக்கும் அடிவாரமும் போய்விடும். மேற்குச் சாலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேரூரிலும் வடவள்ளியிலும் மருதமலை சாலையிலும் மாட்டிக்கொள்கிறவர்களின் அவதியை நான் அறிவேன். சாலையோடு சேர்த்து அதன் ஓரத்தில் கட்டடம் எழும்பக்கூடாத அகலம் ஒன்றையும் சட்டமாக வரைந்துவிட வேண்டும் என்பதுதான் என் வாதம். கிழக்கில் நடந்ததை ஒரு தலைமுறை பார்த்துவிட்டது.

மேற்கு முழுமையானாலும் வட்டம் மூடாது. மேட்டுப்பாளையம் சாலைக்கும் அவிநாசி சாலைக்கும் இடையே வடகிழக்கில் ஒரு வாய் திறந்தே இருக்கும். அந்த இடைவெளியில்தான் சத்தி சாலையும், சரவணம்பட்டி, கீரநத்தம் பக்கத்துக் கணினி நிறுவனங்களும், காளப்பட்டியும் இருக்கின்றன; காலையில் ஊரின் மிகப் பெரிய நெரிசல் உருவாகிற பகுதியே அது. அதற்கான கிழக்குப் புறவழிச்சாலை இன்னும் காகிதத்தில் இருக்கிறது. இதற்கிடையில் ஊருக்குள் மேம்பாலங்கள் எழும்பிவிட்டன: உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள அவிநாசி சாலை மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இரண்டும் வண்டியை மையத்தை நோக்கி வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மையத்துக்கு வரத் தேவையே இல்லாத வண்டியை அவை குறைப்பதில்லை. அந்த மேம்பாலங்களுக்குச் செலவழித்த நேரத்தில் வடகிழக்கு வாயை மூடியிருந்தால் அவற்றின் தேவையே பாதியாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

அதுவரை, ஊட்டியிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ இறங்கி நீலாம்பூருக்கோ திருப்பூருக்கோ போகிறவர்கள் காந்திபுரம் வரை வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம். துடியலூரில் இடப்பக்கம் திரும்பி, வெள்ளக்கிணறு வழியாகச் சரவணம்பட்டி வந்து, சத்தி சாலையைக் கடந்து காளப்பட்டி வழியாகப் போனால் சிட்ரா அருகே அவிநாசி சாலையில் ஏறலாம். காலை எட்டரையிலிருந்து பத்து வரையும் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் சரவணம்பட்டிச் சந்திப்பு நகராது. அந்த நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.